மீட்டுத் தரும் களஞ்சியம் எது?
சொந்தக் கோப்புகளுக்குச் சிக்கனமான கிளவுட் காப்பைத் தேர்ந்தெடுக்கும் முறை

அறுவடையான நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டு நிம்மதியாக உறங்கும் விவசாயி எவரும் இலர். நெய்து முடித்த சேலையை மழைச்சாரல் படும் திண்ணையில் போட்டு வைக்கும் நெசவாளியும் இலர். விளைந்த பொருளுக்குக் கிடங்கு வேண்டும், கிடங்கில் வைத்ததற்கு ரசீது வேண்டும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் இக்காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் மற்றொரு வகைச் செல்வம் சேர்ந்து வருகிறது. செல்பேசியிலும் கணினியிலும் உள்ள கோப்புகளே அவை. சேலை டிசைன்களின் படங்கள், கூலிக் கணக்கு, நிலப் பத்திரங்களின் நகல்கள், மண் பரிசோதனை அறிக்கை, குழந்தைகளின் சான்றிதழ்கள், காலஞ்சென்ற பெற்றோரின் குரல் பதிவு ஆகிய யாவும் உள்ளங்கை அளவுள்ள ஒரே கருவிக்குள் அடங்கியிருக்கின்றன. அக்கருவி கிணற்றில் விழுந்தாலோ, களவு போனாலோ, இவை அனைத்தும் ஒரு நொடியில் போய்விடும்.

இவ்வாபத்திலிருந்து காத்துக்கொள்ளக் ‘கிளவுட்’ என்னும் மேகச் சேமிப்பு வசதிகள் பல ஏற்பட்டுள்ளன. எது மலிவு, எது நல்லது என்று அங்கத்தினர்கள் நம்மிடம் அடிக்கடி வினவுகின்றனர். மாத வாடகையை மட்டும் ஒப்பிட்டு விடை கூறுதல் எளிது. ஆனால் அவ்விடை போதாது. இழந்த பொருளை இழந்த நாளில் முழுமையாகத் திரும்பத் தருகிறதா என்பதே முதற் கேள்வி. திருப்பித் தராத கிடங்கு, வாடகையே கேட்காவிடினும் நஷ்டமே ஆகும்.

எவற்றைக் காப்பது?

முதலில் செய்ய வேண்டியது தரம் பிரித்தல். நம்மிடம் உள்ள கோப்புகளை இரு பிரிவாகப் பிரிக்கலாம். மறுபடியும் பெறக்கூடியவை ஒன்று. ஒருபோதும் பெற முடியாதவை மற்றொன்று.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் வலைத்தளங்களிலிருந்தே மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆதார், ஓட்டுநர் உரிமம் முதலியவற்றுக்கு 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. 2017-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட விதித் திருத்தத்தின்படி, வழங்கும் துறையிலிருந்தே நேராக டிஜிலாக்கருக்கு வந்து சேரும் ஆவணம் அசலுக்கு நிகராக மதிக்கப்படும். நாமே படம் எடுத்து அதில் ஏற்றிய நகலுக்கு அம்மதிப்பு இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனினும் இவ்வகை ஆவணங்களுக்காகப் பணம் கொடுத்து இடம் வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இராது.

நாமே வரைந்த புட்டா, பார்டர் டிசைன்கள், பல ஆண்டுகளாகக் குறித்து வைத்த விதைப்பு, மகசூல் குறிப்புகள், குடும்பப் படங்கள், குரல் பதிவுகள் ஆகியவை இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. இவற்றுக்கு வேறெங்கும் அசல் இல்லை. செலவழிக்கும் பணம் முழுவதும் இப்பிரிவுக்கே செல்ல வேண்டும்.

அடுத்தது அளவு. செல்பேசியில் எடுக்கும் ஒரு படம் 3 மெகாபைட் என்று கொண்டால், 15 ஜிகாபைட் இடத்தில் ஏறக்குறைய 5,000 படங்கள் அடங்கும். சலனப்படமோ ஒரு நிமிடத்திற்கே 100 மெகாபைட் வரை விழுங்கும். ஆகவே இடம் போதவில்லை என்போர் பலருக்கும் உண்மையான காரணம் நண்பர்கள் அனுப்பும் சலனப்படங்களும், ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்த படங்களுமே ஆகும். வாட்ஸ்அப் உரையாடல்களின் காப்புப் பிரதியும், ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் 2024-ஆம் ஆண்டு முதல் கூகுள் கணக்கின் இடத்திலேயே சேர்க்கப்படுகிறது. பதர் நீக்கிய பின்பே நெல்லை அளக்கிறோம். இதிலும் அம்முறையே ஏற்றது.

ஒத்திசைவு வேறு, காப்பு வேறு

கிளவுட் என்பது ஆகாயத்தில் உள்ள பொருளன்று. எங்கோ ஓர் ஊரில், ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் உள்ள கணினிகளின் வட்டுகளில் நம் கோப்பின் பிரதி இருக்கிறது. இணையத்தின் வழியே அது போய் வருகிறது. இது வரையில் எல்லாச் சேவைகளும் ஒன்றே. ஆனால் அவை செய்யும் வேலையில் இருவகை உண்டு.

ஒருவகை ஒத்திசைவு. செல்பேசியில் உள்ளதையும் கிளவுடில் உள்ளதையும் எந்நேரமும் ஒன்றுபோல் வைத்திருப்பது இதன் கடமை. இங்கே திருத்தினால் அங்கேயும் திருந்தும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மற்றொரு வகை காப்பு. இங்கே என்ன நேர்ந்தாலும் முந்தைய பிரதியை ஒரு குறித்த காலம் வரை விடாமல் வைத்திருப்பது இதன் கடமை. கூகுள் போட்டோஸ், ஆப்பிள் ஐகிளவுட் போட்டோஸ், மைக்ரோசாப்ட் ஒன்டிரைவ் முதலிய பிரபலமான சேவைகள் பெரும்பாலும் முதல்வகையின் இயல்பு கொண்டவை.

இவ்வேறுபாட்டை அறியாமையால் நேர்ந்த நஷ்டம் ஒன்றை இங்குக் கூறுதல் பயன்தரும். நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் முதிய அங்கத்தினர் ஒருவர், எட்டு ஆண்டுகளாகத் தாம் வரைந்த டிசைன்களின் கிராப் தாள்களைச் செல்பேசியில் படமெடுத்து வைத்திருந்தார். தாள்கள் கரையானுக்கு இரையாகிவிட்டன. படங்கள் தாமாகவே கிளவுடுக்குச் சென்றுவிடுகின்றன என்ற தைரியத்தில் அவர் கவலையின்றி இருந்தார். ஒருநாள் செல்பேசியில் இடமில்லை என்ற அறிவிப்பு வரவே, அவருடைய பேரன் பழைய படங்களை அழித்தான். கிளவுடில் ஒரு பிரதி இருக்கிறதே என்பது அவன் எண்ணம். மூன்று மாதங்கள் கழித்து, பண்டிகை விற்பனைக்காகப் பழைய டிசைன் ஒன்றில் நாற்பது சேலைகள் வேண்டுமென்று சங்கம் கேட்டது. செல்பேசியிலும் அப்படம் இல்லை, கிளவுடிலும் இல்லை. அழித்தவற்றை மீட்கும் தவணையும் கடந்துவிட்டது. அந்த டிசைனில் முன்பு நெய்த சேலை ஒன்றைத் தேடிப் பிடித்து, இழை இழையாக எண்ணி மீண்டும் வரைய அவருக்கு இரண்டு மாதங்கள் ஆயின. பண்டிகையும் போயிற்று. மற்ற டிசைன்கள் போனவை போனவையே.

பேரன் மீது குற்றம் இல்லை. அழித்ததை எத்தனை நாள் வரை மீட்கலாம் என்பதைக் குடும்பத்தில் எவரும் கேட்டறியவில்லை என்பதே குறை. கூகுள் போட்டோஸில் காப்புப் பெற்ற படம் அழிக்கப்பட்டால் 60 நாள் வரையிலும், கூகுள் டிரைவில் அழித்த கோப்பு 30 நாள் வரையிலும் குப்பைத்தொட்டியில் இருக்கும். அதற்குமேல் மீட்சி இல்லை. செல்பேசியில் இடம் வேண்டுமெனில், செல்பேசிப் பிரதியை மட்டும் நீக்கும் தனி ஏற்பாடு கூகுள் போட்டோஸில் உண்டு. அதையே பயன்படுத்த வேண்டும்.

கெட்ட நிரல்களாலும் இதே ஆபத்து உண்டு. 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய ‘வான்னாகிரை’ என்னும் நச்சு நிரல், ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஒத்திசைவு மட்டும் உள்ள இடத்தில், பூட்டப்பட்ட கோப்பே நல்ல கோப்பின் மேல் ஏறிவிடும். ஆகவே கோப்பின் பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது வாடகையைக் காட்டிலும் முக்கியமான கேள்வி.

ஒரே கூரையின்கீழ் இரு பிரதிகள்

‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்றொரு விதி இத்துறையில் வழங்குகிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞரான பீட்டர் கிரோக் இதனைப் பரப்பினார். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதிகள். அவை இரு வேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்றாவது வேறோர் இடத்தில் என்பது அவ்விதி. செல்பேசியில் ஒன்று, வீட்டில் தனி வட்டில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்று அமைத்தால் விதி நிறைவேறிவிடும்.

வேறோர் இடம் ஏன் என்பதை நம் நாட்டவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் தென்னைகளைச் சாய்த்தபோது வீடுகளும் உடன் சாய்ந்தன. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் கணினியும், அதன் அருகில் அலமாரியில் வைத்த வட்டும் சேர்ந்தே நனையும்.

கிளவுட் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணினிக் கட்டடம் ஒன்று தீயில் முற்றிலும் எரிந்தது. காப்புப் பிரதியையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். ஆதலின் கிளவுட் ஒன்றையே நம்பி வீட்டுப் பிரதியைக் கைவிடுதலும் தவறு.

தொலைவில் இருந்த ஒரு பிரதி காத்ததற்கும் சான்று உண்டு. 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் கேலிச்சித்திரப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றால் படத்தின் கோப்புகள் பெரும்பாலும் அழிந்தன. நிறுவனத்தின் காப்புப் பிரதிகளும் சரியாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. குழந்தைப் பேற்றின் காரணமாக வீட்டிலிருந்து வேலை செய்துவந்த கேலின் சஸ்மன் என்னும் அம்மையாரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே அப்படத்தை மீட்டது.

விலையும் அதன் உட்பொருளும்

இனி விலைக்கு வருவோம். கூகுள் 15 ஜிகாபைட் வரை இலவசமாகத் தருகிறது. அஞ்சல், படங்கள், கோப்புகள் யாவும் அதற்குள் அடக்கம். ஆப்பிளும் மைக்ரோசாப்டும் 5 ஜிகாபைட் இலவசமாகத் தருகின்றன. கட்டணச் சேவையில், 2024-ஆம் ஆண்டில் இந்தியாவில் கூகுளின் 100 ஜிகாபைட் திட்டம் மாதம் 130 ரூபாயாகவும், ஆண்டுக்குச் சேர்த்துச் செலுத்தினால் 1,300 ரூபாயாகவும் இருந்தது. ஆப்பிளின் 50 ஜிகாபைட் மாதம் 75 ரூபாய். ஆண்டுக்கு 1,300 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 4 ரூபாய்க்கும் குறைவே. மேலும் கூகுளின் கட்டணத் திட்டத்தைக் குடும்பத்தில் மேலும் ஐவருடன் பகிர்ந்துகொள்ளலாம். இடம் பொதுவாயினும் ஒருவர் கோப்பை மற்றவர் காண முடியாது. கூட்டாகச் செலவு செய்து பயன்பெறும் முறை நமக்குப் புதிதன்றே!

முழுக் கணினியையும் காப்பதற்கென்றே ஏற்பட்ட சேவைகள் தனி. 2007-இல் தோன்றிய பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், ஒரு கணினிக்கு அளவு வரையறையின்றிக் காப்பு அளிக்கிறது. பழைய பதிப்புகளையும் ஓராண்டு வரை வைத்திருக்கிறது. ஆனால் மாதம் 5 டாலராக இருந்த அதன் கட்டணம் 2019-இல் 6, 2021-இல் 7, 2023-இல் 9 டாலர் என்று உயர்ந்தது. செல்பேசிப் படங்களை மட்டும் காக்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று.

‘அளவில்லை’ என்ற விளம்பரச் சொல்லைக் கேட்கும்போது சற்று நிதானம் தேவை. மைக்ரோசாப்ட் 2014-இல் அளவற்ற இடம் தருவதாக அறிவித்து, 2015-இல் அதைத் திரும்பப் பெற்றது. அமேசான் தன் அளவற்ற திட்டத்தை 2017-இல் நிறுத்தியது. அமேசான் டிரைவ் என்ற சேவையையே 2023 டிசம்பர் 31-உடன் மூடியது. கிராஷ்பிளான் நிறுவனம் வீட்டுப் பயனருக்கான சேவையை 2018-இல் முடித்துக்கொண்டது. கூகுள் போட்டோஸின் அளவற்ற இலவசமும் 2021 ஜூன் 1-உடன் நின்றது. இந்நிறுவனங்கள் முன்னறிவிப்புக் கொடுத்தன என்பது உண்மையே. எனினும் அறிவிப்பைப் படிக்காதவருக்கு அதனால் பயனில்லை. ஆகவே சேர்வதற்கு முன்பே, வெளியேறும் வழியை அறிந்து வைத்தல் விவேகம்.

மற்றொரு கண்ணியும் உண்டு. சில கிடங்குகளில் சரக்கை வைப்பதற்கு மலிவு, எடுப்பதற்கு விலை. அமேசானின் ‘கிளேசியர் டீப் ஆர்க்கைவ்’ என்னும் ஆழ்சேமிப்பில் 1,000 ஜிகாபைட்டை வைக்க மாதம் ஏறக்குறைய 1 டாலரே ஆகும். ஆனால் அதை எடுக்க வேண்டுமெனில் கோப்பு கிடைக்கவே 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். இணையத்தின் வழியே முழுவதையும் ஒரே மாதத்தில் இறக்கிக்கொள்ள 80 டாலருக்கு மேல் ஆகலாம். பெரிய நிறுவனங்களின் பழைய பதிவேடுகளுக்கு அது பொருந்தும். சாதாரணக் குடும்பத்துக்குப் பொருந்தாது.

நேரமும் ஒரு செலவே. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 100 ஜிகாபைட்டை அனுப்ப 22 மணி நேரத்துக்கு மேலாகும். முதல்முறை அனுப்புகையில் பொறுமை வேண்டும். அதன்பின் புதியவை மட்டுமே செல்லும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

எச்சேவையானாலும் கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை பெற்ற பின்பே பணம் செலுத்துக:

1. அழித்த கோப்பையும் பழைய பதிப்பையும் எத்தனை நாள் வரை மீட்கலாம்?
2. எல்லாக் கோப்புகளையும் ஒருசேர இறக்கிக்கொள்ள வழி உண்டா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?
3. சந்தா தவறினால் கோப்புகள் எத்தனை காலம் இருக்கும்?
4. முதலாண்டுச் சலுகை முடிந்தபின் கட்டணம் எவ்வளவு? ரூபாயிலா, டாலரிலா?
5. கோப்புகள் மறைகுறியாக்கப்படுகின்றனவா? திறவுகோல் நிறுவனத்திடம் உள்ளதா, நம்மிடமா?

ஐந்தாவது வினாவுக்குச் சிறு விளக்கம் தேவை. திறவுகோல் நம்மிடம் மட்டுமே இருந்தால், நிறுவனத்தாரும் நம் கோப்பைப் படிக்க இயலாது. அது பெரும் பாதுகாப்பு. ஆனால் பாஸ்வேர்டை மறந்தால் அவர்களாலும் மீட்டுத் தர இயலாது. எனவே அதனைத் தாளில் எழுதி, பத்திரங்கள் வைக்கும் பெட்டியிலேயே வைத்தல் நலம்.

பயன்படுத்தாத கணக்குகளும் நிலைத்திரா. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் முறையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெளியூர் சென்றவர், காலமானவர் ஆகியோரின் கணக்குகளில் குடும்பப் படங்கள் இருக்குமாயின், இதனைக் கருத வேண்டும். பங்குத் தொகைக்கு வாரிசு நியமனம் செய்யும் நம் அங்கத்தினர்கள், இதற்கும் அவ்வாறே செய்துகொள்ளலாம். கூகுளில் செயலற்ற கணக்கை இன்னாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று குறிக்கும் வசதி 2013 முதலும், ஆப்பிளில் மரபுத் தொடர்பாளரை நியமிக்கும் வசதி 2021 முதலும் உண்டு.

மீட்டுப் பாராத காப்பு காப்பன்று

2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லாப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறுதலாக முக்கியத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகைக் காப்பு முறைகள் ஏற்படுத்தப்பட்டிருந்தன. வேண்டிய வேளையில் அவற்றுள் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதியைக் கொண்டே சமாளித்தனர். நிபுணர்களுக்கே இது நேருமெனில் நாம் சோதித்துப் பார்ப்பதில் வெட்கமில்லை.

சோதனை எளிது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வேறொருவரின் செல்பேசியிலோ கணினியிலோ நம் கணக்கில் நுழைந்து, பழைய டிசைன் ஒன்று, சென்ற ஆண்டின் கணக்கு ஒன்று, படம் ஒன்று ஆகியவற்றை இறக்கித் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் காப்பு உள்ளது. திறக்காவிடில் வாடகை வீண். பார்த்து முடித்தபின் அக்கருவியிலிருந்து கணக்கை விட்டு வெளியேறவும் மறக்கலாகாது. வங்கியில் பாஸ் புத்தகத்தைப் பதிந்து இருப்பைச் சரிபார்ப்பது போன்றதே இது.

நமது பரிந்துரை

செல்பேசி ஒன்று மட்டும் உள்ள அங்கத்தினர், தேவையற்றவற்றை நீக்கிய பின் இலவச 15 ஜிகாபைட்டிலேயே பெரும்பாலும் நிறைவு பெறலாம். ஆனால் அத்துடன், பெற முடியாத கோப்புகளை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தனி வட்டிலோ பென்டிரைவிலோ பிரதி எடுத்து, வேறு வீட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்து வைக்க வேண்டும். இப்பிரதியே, பேரன் அழித்தாலும் அழியாத பிரதி. படங்கள் மிகுந்த குடும்பம் 100 ஜிகாபைட் திட்டத்தை ஆண்டுச் சந்தாவில் எடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். கணினியில் டிசைன் செய்து ஜக்கார்டு அட்டை அடிக்கக் கொடுப்போர், பழைய பதிப்புகளை நெடுநாள் வைத்திருக்கும் காப்புச் சேவையை நாடுவது தகும்; அவர்களுக்கு அது தொழிற்செலவே.

தறியில் பாவு ஓட்டுமுன் இழைகளைச் சரிபார்க்கிறோம். விதைக்குமுன் முளைப்புத் திறனைச் சோதிக்கிறோம். அதே நிதானத்துடன், இம்மாதத்திற்குள் ஒருநாள் மாலை குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து, தம் கோப்புகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒன்றையேனும் மீட்டுத் திறந்து பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இளைஞர்கள் இப்பணியில் முதியோருக்குத் துணை நின்றால், ஒரு தலைமுறையின் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றிப் போய்ச் சேரும்.